ஷுவாய் விட்டுக்கொடுத்த ஷிஃப்டுகள்

சம்பளம் வருகிற நாளில் எல்லாருக்கும் முகம் மலரும். ஷுவாய் மட்டும் கணக்குப் போட ஆரம்பிப்பாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் முதியோர் இல்லத்தின் துணி அறையில், மடிக்காத போர்வைக் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு கைபேசியில் சம்பளச் சீட்டைத் திறப்பாள். உதடு அசையும், விரல் கூட்டும். கூட்டி முடித்துவிட்டு மறுபடி ஒரு தடவை கூட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தால்தான் மூச்சே விடுவாள்.

"உனக்கு வர்றது சம்பளமா, பரீட்சை ரிசல்டா?" என்று நான் கேலி செய்வேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாய் ரூவிம்போ. இதுல ஃபெயில் ஆனா ஊருக்குப் போக வேண்டியதுதான்."

ரூவிம்போ என் மூத்த பெண். எங்கள் ஜிம்பாப்வேயில் பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். 'மாய்' என்றால் இன்னாரின் அம்மா. அந்தக் கணக்கில் ஷுவாய், மாய் மக்கானகா. மஸ்விங்கோ பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பதினேழு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். டீச்சர் சம்பளத்தில் மாவு வாங்கினால் எண்ணெய் இல்லை, எண்ணெய் வாங்கினால் பஸ்ஸுக்கு இல்லை என்று ஆன காலத்தில், ஒற்றை மகளோடு இங்கிலாந்தின் ஸ்கார்பரோவுக்கு வந்து சேர்ந்தாள். பித்தகோரஸ் சொல்லிக்கொடுத்த கையால் கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டினாள். அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது, பயம்தான் இருந்தது.

அந்தப் பயம் சாதாரணப் பயம் இல்லை. எங்கள் இல்லம் அவளுக்கு ஸ்பான்சர். அவளை வரவழைத்த சான்றிதழில் வருடச் சம்பளம் இவ்வளவு என்று போட்டிருந்தது. அதற்கு ஒரு பென்னி குறைந்தாலும் கேள்வி வரும். கேள்விக்குப் பதில் இல்லையென்றால் விசா போகும். அதன்பிறகு அறுபது நாள்தான். அதற்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அம்மா விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிற மகளுக்கும் அதே கதிதான். மக்கானகாவுக்குப் பதினாறு வயது. மே மாதம் அவளுக்குப் பெரிய பரீட்சை.

அதனால் ஷுவாய் காய்ச்சல் வந்தால்கூட லீவு எடுக்க மாட்டாள். நோய் லீவு எடுத்தால் சம்பளம் குறையுமே! ஒரு ஜனவரியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல் கிடுகிடுக்க, பத்துப் பேரைக் குளிப்பாட்டினாள். மூன்றாம் அறைக் கிழவர் கஞ்சிக் கிண்ணத்தை அவள் மேல் விட்டெறிந்தபோது, "பரவாயில்ல சார், வேற கொண்டு வரேன்" என்று சிரித்தாள். பஸ்ஸில் சீருடை போட்ட டிக்கெட் பரிசோதகர் ஏறினால் போதும், கையில் டிக்கெட் இருந்தும் இவளுக்கு முகம் வெளுத்துவிடும்.

எனக்கு எரிச்சலாக வரும். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தோரு வருடம். பாஸ்போர்ட் இருக்கிறது, கடனில் என்றாலும் வீடு இருக்கிறது, சீனியர் என்ற பதவி இருக்கிறது. யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பட்டியல் போடுவதே நான்தான். என் வாயும் கொஞ்சம் நீளம்.

"என்னடி பயம் உனக்கு? யாரு உன்னத் தின்னுடப் போறா?" என்பேன். நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன்.

"உங்களுக்குப் புரியாது" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டுப் போர்வை மடிப்பாள்.

இப்படிப்பட்டவள் எப்படி மாட்டினாள் என்று கேட்பீர்கள். மாட்டிவிட்டது நான்தான். யோசனை என்னுடையது.

எங்கள் பெண்கள் நாலு பேர் கூடினால் முகாண்டோ போடுவார்கள். மாதாமாதம் எல்லாரும் ஒரு தொகை போட்டு ஒருத்தி கையில் கொடுப்பது. இந்த மாதம் இவள், அடுத்த மாதம் அவள். போன பிப்ரவரியில் லவ்னெஸின் அப்பா ஹராரேயில் செத்துப்போனார். லவ்னெஸும் ஷுவாய் மாதிரி ஸ்பான்சர் விசாவில் வந்தவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. அடக்கத்துக்கு அனுப்பக் கையில் காசில்லாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். எங்கள் யார் கையிலும் அப்போது பணம் இல்லை. ஆனால் எங்கள் எல்லாரிடமும் ஷிஃப்ட் இருந்தது.

"காசுக்குப் பதிலா ஷிஃப்ட் போடுவோம்" என்றேன் நான். "இந்த மாசம் ஆளுக்கு நாலு ஷிஃப்ட இவளுக்கு விட்டுக்கொடுப்போம். அடுத்த மாசம் எனக்கு. என் வீட்டுக் கொதிகலன் செத்துக் கெடக்கு, குளிர்ல சாகறேன். அப்புறம் வரிசையா எல்லாருக்கும்."

ஐந்து பேர் சேர்ந்தோம். அதில் மூன்று பேர் பாஸ்போர்ட்காரர்கள். விசாவில் இருந்தது ஷுவாயும் லவ்னெஸும் மட்டும். ஷுவாய் உடனே தலையாட்டவில்லை. அன்று சாயங்காலம் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மறுநாள் வந்தபோது அவள் முகத்தில் அபூர்வமாக ஒரு தெளிவு.

"சம்பளம் வருஷத்துக்குன்னுதான் போட்டிருக்கு, மாய் ரூவிம்போ. மாசத்துக்குன்னு போடல. நாலு மாசம் நான் குடுக்கறேன், ஜூன்ல எனக்குத் திரும்பி வருது. கூட்டினா வருஷத் தொகை அப்படியே நிக்குது. ஒரு பென்னி குறையல."

"டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

ஜூன் மாதத்தை அவள் கேட்டு வாங்கினாள். ஜூலையில் விசாவை நீட்டிக்க வேண்டும். அம்மாவுக்கும் மகளுக்குமாகக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த ஜூன்.

பிப்ரவரியில் ஷுவாய் லவ்னெஸுக்கு நாலு ஷிஃப்ட் கொடுத்தாள். மார்ச்சில் எனக்கு நாலு. லவ்னெஸ் துக்கத்தில் இருக்கிறாள் என்று அவளை மார்ச்சில் விட்டுவிட்டோம். என் வீட்டில் கொதிகலன் வந்தது. வெந்நீரில் குளித்தேன்.

மார்ச் முடிந்ததும் இல்லம் புது முதலாளிகள் கைக்கு மாறியது. வந்ததும் வராததுமாக அவர்கள் விசாக்காரர்களின் சம்பளத்தை எல்லாம் மாதவாரியாக ஒரு கணினியில் ஏற்றினார்கள். ஏப்ரல் முதல் திங்கள் காலை, துணி அறையில் ஷுவாய் கைபேசியை என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு செய்தி: வியாழன் இரண்டு மணிக்கு மேனேஜர் அறைக்கு வரவும், பிப்ரவரி, மார்ச் சம்பளம் சான்றிதழில் உள்ளதைவிடக் குறைவு, விளக்கம் தேவை.

"வருஷக் கணக்குன்னு சொல்லு. போட்டுக் காட்டு" என்றேன்.

"கேட்டுட்டேன். ஃபோன் பண்ணிக் கேட்டேன்" என்றாள்.  "ஒவ்வொரு சம்பளமும் வரி ஆபீசுக்குப் போகுதாம். அங்கிருந்து விசா ஆபீஸ் பாக்குதாம். மாசாமாசம் பாக்கறாங்களாம். நான் வருஷத்த வச்சுக் கணக்குப் போட்டேன், அவங்க மாசத்த வச்சுக் கணக்குப் போடறாங்க. பதினேழு வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தேனே, கேள்விய முழுசாப் படிச்சிட்டுப் பதில் எழுதுங்கன்னு. நான் படிக்கல. நான் படிக்கலையே!"

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் வாய் விட்டுக்கொடுக்குமா? "என்னடி பயம் உனக்கு? பட்டியல் போட்டது நான். ஷிஃப்ட் குடுக்காம விட்டது நான்தான்னு சொல்றேன். தப்பு இல்லத்து மேல போயிடும். குறைஞ்சத அவங்களே குடுத்துச் சரி பண்ணிடுவாங்க. நீ வாயே திறக்க வேண்டாம்."

"பொய்யா?"

"உனக்கு வேண்டாம் பொய். நான் சொல்லிக்கறேன். எனக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலை லேசாக மடக்கி, எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு நன்றி சொல்கிற மாதிரி, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "போடி, போய் வேலையப் பாரு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை லவ்னெஸ் மாடிப்படியில் என்னை மடக்கினாள். கண் வீங்கியிருந்தது. அவளுக்கு நான் சிஸி, அதாவது அக்கா.

"சிஸி, என் பேரு வராதுல்ல? நான் அதிகமா வேலை செஞ்சது தப்பாயிடுமா? அப்பா போய் ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள நானும் ஊருக்குத் திரும்பிப் போய் நின்னா எங்கம்மா செத்துடுவாங்க."

"உன் பேர யாரும் சொல்ல மாட்டாங்க. மூக்கச் சிந்திட்டு மேல போ. ஏழாம் அறையில மணி அடிக்குது."

புதன்கிழமை வேலை முடிந்து ஷுவாய் வீட்டுக்குப் போனேன். மேசை முழுக்க மக்கானகாவின் புத்தகங்கள். ஷுவாய் அடுப்பில் சட்ஸா கிளறிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சோள மாவுக் களி, எங்களுக்கு அது இல்லாமல் சாப்பாடு இல்லை. அவள் எப்போதும் பத்துக் கிலோ மூட்டையாகத்தான் மாவு வாங்குவாள். அன்று அடுப்புப் பக்கத்தில் ஒரு கிலோப் பொட்டலம் இருந்தது.

"அம்மா எதுக்கு இத்துனூண்டு வாங்கியிருக்காங்க, கேளுங்க ஆன்ட்டி" என்றாள் மக்கானகா. "குளிர்பெட்டியையும் காலி பண்ணித் துடைச்சு வச்சிருக்காங்க. என் குளிர்கோட்ட மடிச்சுப் பெட்டில வச்சிட்டாங்க. என்னாச்சு இவங்களுக்கு?"

"வெயில் வருதில்ல, அதான்" என்றாள் ஷுவாய், திரும்பாமல். "நீ படி. எத்தனாவது பாடம்?"

"படிச்சுட்டுத்தான் இருக்கேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?"

 களியைக் கிளறிய ஷுவாயின் கை நிற்காமல் கிளறிக்கொண்டே இருந்தது, வெந்து எவ்வளவோ நேரம் ஆகியும். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, "நாளைக்கு வந்துடுவீங்கதானே?" என்றாள்.

"வராம? நீ நிம்மதியாத் தூங்கு."

நான் நிம்மதியாகத்தான் நடந்தேன், பாதித் தெருவரை. கடற்கரைச் சாலையில் திரும்பும்போதுதான் முதல்முறையாக ஒரு நினைப்பு வந்தது. புது முதலாளிகள் கறாரானவர்களாம். விசாக்காரியின் ஷிஃப்டைக் காரணமில்லாமல் வெட்டியவள் என்று என் மேல் எழுதினால் என்ன செய்வது? என் வயது ஐம்பத்தாறு. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. இந்த வயதில் வெளியே அனுப்பினால் என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? சீ, என்ன நினைப்பு என்று தலையை உதறிக்கொண்டு நடந்தேன். நினைப்பும் கூடவே நடந்து வந்தது.

வியாழக்கிழமை. எங்கள் மெதடிஸ்ட் பெண்களுக்கு வியாழன்தான் ஜெப நாள். ஷுவாய் அவளுடைய சிவப்பு ஜெபச் சட்டையைச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கழுத்துப் பக்கம் சிவப்பு தெரிந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று லவ்னெஸ் சொன்னாள்.

மேனேஜர் ஹேசல் கெட்ட பெண் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சொந்த அம்மாவையே இந்த இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவள். ஆனால் அன்று அவள் முகமும் சரியாக இல்லை. பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். முதலில் ஷுவாயை மட்டும் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள்.

"உங்க ரெண்டு பேருக்கும் தெளிவாச் சொல்லிடறேன்" என்றாள் ஹேசல். "சம்பளம் குறைஞ்சத நாங்க மேல தெரிவிச்சே ஆகணும். தெரிவிக்காம விட்டா எங்க லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனா இங்க இருக்கற பதினோரு பேர் விசாவும் போகும். ஏன் குறைஞ்சதுங்கறதுதான் கேள்வி. நாங்க வேலை குடுக்காம விட்டிருந்தா, தப்பு எங்களது. பாக்கியக் குடுத்துட்டு அப்படியே எழுதிடுவோம். இவங்களாவே வேண்டாம்னு சொல்லியிருந்தா, அதையும் அப்படியேதான் எழுதணும்."

"நான் கேட்டதுக்கு ஷுவாய் வாயே திறக்க மாட்டேங்கறாங்க" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "பட்டியல் போடறது நீங்க. நீங்களா அவங்க ஷிஃப்ட எடுத்தீங்களா, இல்ல அவங்களே எடுத்துடச் சொல்லிக் கேட்டாங்களா?"

தலைமை அலுவலகத்து ஆள் கணினியிலிருந்து முகத்தைத் தூக்கினார். "பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. நீங்களா எடுத்திருந்தா அது ஒழுங்கு நடவடிக்கை. இன்னைக்கே உங்களச் சஸ்பெண்ட் பண்ண வேண்டி வரும். சொல்றதுல நீங்க கையெழுத்தும் போடணும்" என்றார். மிரட்டுகிற குரல் இல்லை. மணி சொல்வது போலச் சொன்னார்.

மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம் தொண்டையில் இருந்தது. நான்தான் எடுத்தேன். அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. கண் முன்னால் வந்தது அந்த ஒன்பது வருடக் கடன்தான்.   ஷுவாய் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கோத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, தைரியமாக, ஆமாம், அன்றைக்குத்தான் அவள் முகத்தில் தைரியத்தைப் பார்த்தேன், என் குரலுக்காகக் காத்திருந்தாள்.

"அவதான் கேட்டா" என்றேன்.

ஷுவாய் தலையைத் தூக்கினாள். என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு ஹேசலிடம், "ஆமா, நான்தான் கேட்டேன்" என்றாள்.

"அந்த ஷிஃப்டெல்லாம் யாருக்குப் போச்சு?"

"யாருக்குன்னு ஞாபகம் இல்ல" என்றாள் ஷுவாய். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். மார்ச் மாதத்து நாலு ஷிஃப்ட் எனக்குப் போனது என்று அவள் சொல்லியிருக்கலாம். லவ்னெஸைக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களும் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் விஷயம் தெரிந்த பெண்கள் என் தோளைத் தட்டினார்கள். "உண்மையச் சொன்னீங்க மாய் ரூவிம்போ, அதுதான் சரி. கர்த்தர் பாத்துக்குவார்" என்றார்கள். ஆமாம், உண்மையைத்தான் சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இன்றுவரை யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

ஏப்ரல் கடைசியில் விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அறுபது நாள்.

அந்த அறுபது நாளும் ஷுவாய் இல்லம் இல்லமாக எழுதிப் போட்டாள். சில இடங்களில் பதிலே வரவில்லை. சில இடங்களில், ஸ்பான்சர் செய்கிறதில்லை என்று ஒரு வரி. ஒரே ஒரு இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். ஆளைப் பிடித்துப்போயிற்று. பிறகு, புதிதாக ஆள் எடுத்தால் இப்போது கொடுக்க வேண்டிய சம்பளம் எங்களுக்குக் கட்டாது என்று கையை விரித்துவிட்டார்கள். நானும் கூட அலைந்தேன். அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹல் நகரம்வரை போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொன்னாள். எப்போதும் போல மரியாதையாகப் பேசினாள். திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

மகளிடம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. மக்கானகா ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, தோழிகளோடு கடற்கரையில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். அன்றுதான் ஷுவாய் அவளை உட்காரவைத்துச் சொன்னாள். அடுத்த வாரம் அவர்களை மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். மூன்று பெட்டி. மக்கானகா என்னோடு பேசவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பெட்டி மேல் உட்கார்ந்து கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். ரிசல்ட் ஆகஸ்டில் வரும். நான் போய் வாங்கி அனுப்புவதாக ஏற்பாடு.

"ஜூன்ல எனக்கு வர வேண்டியிருந்த ஷிஃப்ட இனி லவ்னெஸுக்குப் போட்டுடுங்க" என்றாள் ஷுவாய். "அவளும் சீக்கிரம் விசா நீட்டிக்கணும். ஆனா ஒரு மாசத்துலகூடக் குறையாமப் பாத்துக்கங்க."

"சரி" என்றேன். அதற்கு மேல் தாங்கவில்லை. "மாய் மக்கானகா, அன்னைக்கு நான்... அந்த ரூம்ல என்னால..."

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பரிசோதனை வரிசையில் சீருடைக்காரர்கள் நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்து முகம் வெளுக்கவில்லை. மூன்று வருடத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. கணக்கு வராத பிள்ளையிடம் எங்கே தப்பு விட்டாய் என்று கேட்கிற டீச்சர் குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "உங்களுக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கே, மாய் ரூவிம்போ. அன்னைக்கு என்ன பயம் உங்களுக்கு? யாரு உங்களத் தின்னுடப் போறாங்க?"

என் வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அன்று அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.  அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டு, வரிசையில் போய் நின்றாள்.